நான் சொல்லாமல் விட்ட மூன்று கேள்விகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்து, "பசங்களுக்கு வேலைவாய்ப்பைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுப்பா, உற்சாகமா இருக்கட்டும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், உற்சாகமாகச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. வெளிநாட்டு வேலை இல்லை, சொந்தக் கம்பெனி இல்லை. இருப்பது ஒரு தோற்றுப்போன இன்டர்வியூ.

அந்தக் கதையை நான் இந்த வளாகத்திலேயே ஏற்கெனவே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். 2017 டிசம்பரில் நடந்த சந்திப்பில், மதியச் சாப்பாட்டுப் பந்தியில், என் வகுப்பு நண்பர்கள் ஏழெட்டுப் பேரிடம் சொன்னேன். எல்லோரும் அந்தக் கம்பெனியைத் திட்டினார்கள். எனக்கும் சாப்பாடு நன்றாக இறங்கியது. அவர்களில் நான்கு பேர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் அவர்களிடம் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியை இன்று சொல்கிறேன்.

முதலில், அன்று சொன்ன பாதி.

2012-ல் இயந்திரவியல் முடித்து வெளியே வந்தேன். கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்தது. விசிட்டிங் கார்டில் டிசைன் இன்ஜினியர். செய்த வேலை என்னவென்றால், பழைய டிராயிங்கை எடுப்பது, பிளாஞ்ச் அளவை மாற்றுவது, கால் உயரத்தை மாற்றுவது, டைட்டில் பிளாக்கில் பெயரை மாற்றுவது, பவுண்டரிக்கு அனுப்புவது. ஐந்து வருடம் இப்படியே போயிற்று. சாப்ட்வேரில் கை நன்றாக ஓடும். ஆபீஸில் யாருக்கு மாடல் எர்ரர் வந்தாலும் என் சீட்டுக்குத்தான் வருவார்கள். அதனால் எனக்கு டிசைன் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

2017 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் டிசைன் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. பெயர் வேண்டாம். விண்ணப்பித்தேன். ஒரு பயிற்சி வேலை கொடுத்தார்கள். சூடான திரவம் இறைக்கும் பம்ப்புக்கு ஒரு பேரிங் ஹவுசிங் வடிவமைக்க வேண்டும். ஷாப்ட் அளவு, சுமை, வேகம் கொடுத்திருந்தார்கள். வார்ப்பு இரும்பு. பத்து நாள் அவகாசம்.

பகலில் கம்பெனி வேலை. இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை இந்த வேலை. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே, போனில் பூந்தமல்லியில் வாடகை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தன் பழைய மில் நண்பர்களிடம், "பையன் மெட்ராஸ் போறான்" என்று சொல்லி முடித்துவிட்டார். முப்பரிமாண மாடல், டிராயிங், வண்ண வண்ணமாக ஸ்ட்ரெஸ் படம், பேரிங் ஆயுள் கணக்கு என்று மொத்தம் 34 பக்கம் அனுப்பினேன்.

சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் சென்ட்ரலில் இறங்கினேன். அங்கேயே குளித்து, சட்டையை மாற்றி, பூந்தமல்லி வழியாகப் பஸ் பிடித்து ஒன்பதே காலுக்கு கேட்டில் நின்றேன். ஒன்பதரைக்கு வரச் சொன்னவர்கள் என்னை உள்ளே கூப்பிட்டபோது மணி இரண்டே முக்கால். நடுவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேன்டீன் எங்கே என்றுகூடச் சொல்லவில்லை.

உள்ளே மூன்று பேர். ஒருவர் கடைசி வரை போனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. பர்சனல் துறை அம்மா இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மூன்றாமவர் கொஞ்சம் வயதானவர். அவர் என்னிடம், "உங்க ஃபைல் இப்பத்தான் கைக்கு வந்துச்சு. பிரிண்ட் வெச்சிருக்கீங்களா?" என்றார். பத்து ராத்திரி உழைத்த 34 பக்கத்தை அந்த அறையில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. "தகவல் சொல்லி அனுப்புவோம்" என்றார்கள். அனுப்பவில்லை. இரண்டு மெயில் போட்டேன். இல்லை என்றுகூடப் பதில் இல்லை.

இதுதான் நான் பந்தியில் சொன்ன கதை. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் என்ன பேசினோம் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். என் பையில் ஒரே ஒரு ஏ3 பிரிண்ட் இருந்தது. அந்தப் பெரியவர் அதை மேஜையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். அதுவரை எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவர் தமிழுக்கு மாறினார்.

முதல் கேள்வி. "தம்பி, ரெண்டு பேரிங்கையும் ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. ஷாப்ட் சூடாகி நீளும்போது எங்கே போகும்?"

எனக்கு மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும், என் கணக்கில் இத்தனை மணி நேரம் வருகிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேனாவால் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார். இரண்டு பேரிங்குக்கும் நடுவே 300 மி.மீ. ஹவுசிங்கைவிட ஷாப்ட் 50 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வையுங்கள். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். ஆக 0.18 மி.மீ. நாம் எழுதுகிற தாள் இரண்டைச் சேர்த்து வைத்த கனம். பார்க்க ஒன்றுமில்லைதான். ஆனால் பேரிங் இருக்கைகளை நாம் மைக்ரானில் அளக்கிறோம். இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டால் அந்த நீட்சி முழுவதும் பால்கள் மேல்தான் தள்ளும். அதனால்தான் ஒரு பேரிங்கைப் பிடித்து வைத்து, மற்றதை ஹவுசிங்கில் நகர விடுவார்கள். இது மூன்றாம் வருடப் பாடம். நான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கிய பாடம்.

இரண்டாவது கேள்வி. இரண்டு ரிப்புகளுக்கு நடுவே நான் வைத்திருந்த எம் 8 போல்ட்டின் மேல் விரலை வைத்தார். "இதை எப்படி முடுக்குவீங்க?" அதன் தலைக்கு 13 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். ரிப்புகளுக்கு இடையே ஸ்பேனர் நுழையலாம், திரும்ப இடமில்லை. திரையில் அந்த போல்ட் ஒரு கிளிக்கில் போய் உட்கார்ந்தது. சாப்ட்வேர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஸ்பேனர் திரும்புமா என்று நான் அதைக் கேட்கவே இல்லை.

மூன்றாவது கேள்வி. "8 மி.மீ. சுவர் இங்கே வந்து 30 மி.மீ. திண்டோட சேருது. இந்த இடம் வார்ப்புல எப்படி வரும்?"

நான், "மெஷினிங் அலவன்ஸ் 3 மி.மீ. கொடுத்திருக்கேன் சார்" என்றேன்.

"நான் அதைக் கேக்கல தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. பிரிண்ட்டை மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது.

நண்பர்களே, வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோதே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். எனக்கு இரண்டு ஏமாற்றம் இருந்தன. ஒன்று அவர்கள் நடந்துகொண்ட விதம். இன்னொன்று என் பதில்கள். முதலாவதைக் கையில் எடுத்துக்கொண்டேன், இரண்டாவதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அவர்கள் தப்பு செய்ததால் என் தப்பைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லாமல் போயிற்று. அந்தக் கம்பெனிக்காரர்கள் மட்டும் என்னை மரியாதையாக நடத்தி, காரணம் எழுதி, வருந்துகிறோம் என்று ஒரு கடிதம் போட்டிருந்தால், நான் அன்று இரவே புத்தகத்தைத் திறந்திருப்பேனோ என்னவோ. அப்படிச் சொல்வதுகூட ஒரு சாக்குதான். ஒரு வருடத்துக்கு மேல் நான் திறக்கவில்லை.

2018-ல் ஒரு நாள், எங்கள் கம்பெனியில் புது பேரிங் பிராக்கெட் 60 வார்ப்பு வந்தது. என் டிராயிங். மெஷினில் ஏற்றித் துளை போட்டதும் உள்ளே சொத்தை. பல்லில் சொத்தை மாதிரி, திண்டின் நடுவே கரடுமுரடான ஓட்டை. 60-ல் 43 கழிந்தது. முதலாளி என்னையும் தரக்கட்டுப்பாட்டுக்காரரையும் கூப்பிட்டார். நான் அழுத்தமாகவே சொன்னேன், "இது பவுண்டரி மிஸ்டேக் சார். டிராயிங்ல ஒண்ணும் இல்லை. அஞ்சு வருஷமா இதே மாதிரிதான் போடுறோம்."

"அப்ப நேர்ல போய் கேட்டுட்டு வா" என்றார்.

பவுண்டரி கணபதியில். எங்கள் கம்பெனியிலிருந்து 6 கிலோமீட்டர். ஐந்து வருடத்தில் அதற்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. போய் விசாரித்தால், பேட்டர்ன் செய்யும் மேஸ்திரி கண் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் லீவில் போயிருக்கிறார். வேறு ஒரு பையன் பேட்டர்ன் செய்திருக்கிறான். அவன் பாவம், என் டிராயிங்கில் இருந்ததை அளவு பிசகாமல் அப்படியே செய்துவிட்டான்.

அளவு பிசகாமல் செய்ததால்தான் கழிந்தது.

மேஸ்திரி வீடு பக்கத்துச் சந்தில்தான். போனேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும்.

"வாங்க தம்பி, உக்காருங்க. பம்ப் கம்பெனியில இருந்துங்களா? படம் போடற தம்பி நீங்கதானுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க படத்துல இருக்கற மாதிரியே செஞ்சா வராதுங்க தம்பி. நாங்க கொஞ்சம் சேத்துக் குறைச்சுக்குவோம்" என்றார்.

பேரனைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து ஒரு நோட்டு எடுத்துவரச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, நீளமான கோடு போட்ட நோட்டு. எங்கள் கம்பெனி டிராயிங் நம்பர் ஒவ்வொன்றும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலில் சின்னப் படம், சின்னக் குறிப்பு. இந்தப் பக்கம் டேப்பர் இல்லை, ஒன்றரை டிகிரி சேர்த்தது. இந்த மூலை கூர்மை, ரேடியஸ் போட்டது. திண்டு கனம், பின்பக்கம் குழி விட்டுக் குறைத்தது. ஐந்து வருடம் நான் போட்ட ஒவ்வொரு டிராயிங்கையும் அந்த மனுஷன் திருத்தியிருக்கிறார். டிசைன் இன்ஜினியர் என்ற கார்டு என் சட்டைப்பையில் இருந்தது. பாதி வேலை அவர் நோட்டில் இருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்றதுக்கு நீங்க ஒருக்காகூட இந்தப் பக்கம் வரலீங்களே தம்பி."

அப்புறம் அவரே விளக்கினார். டேப்பர் இல்லாவிட்டால் பேட்டர்னை மண்ணிலிருந்து தூக்கும்போது மண் பெயர்ந்துவிடும். உருக்கிய இரும்பு மெல்லிய சுவரில் முதலில் உறையும், கனமான திண்டில் கடைசியில் உறையும். உறையும்போது உள்ளே சுருங்கும். சுருங்குகிற இடத்தை நிரப்பப் பக்கத்திலிருந்து உருகிய இரும்பு வந்து சேர வேண்டும். பக்கத்துச் சுவர் ஏற்கெனவே உறைந்துபோய் வழியை அடைத்துவிட்டால் எங்கிருந்து வரும்? உள்ளே ஓட்டை விழும். ஒன்று அங்கே ரைசர் வைத்து இரும்பு ஊட்ட வேண்டும், இல்லையென்றால் டிசைனிலேயே கனத்தைக் குறைத்து, சுவரிலிருந்து திண்டுக்குப் படிப்படியாகப் போக வேண்டும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஸ்ரீபெரும்புதூர் அறை ஞாபகம் வந்தது. "8 மி.மீ. சுவர் இங்கே வந்து 30 மி.மீ. திண்டோட சேருது." இதே கேள்வி. இதற்குப் பதில் 6 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு திண்ணையில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருந்தது. நான்தான் வரவில்லை.

திரும்பிப் போய் முதலாளியிடம் டிராயிங்தான் தப்பு என்று சொன்னேன். அதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, திருத்திக் கொடு" என்றார். அதன் பிறகு ஆறு மாதம், சனிக்கிழமை மதியம் ஆனால் கணபதிக்குப் போய்விடுவேன். மேஸ்திரிக்குக் கண் சரியாகி வேலைக்கு வந்துவிட்டார். புது டிராயிங்கை ரிலீஸ் செய்வதற்கு முன்பே அவரிடம் விரிப்பேன். முதல் மாதம் ஒரு தாளில் ஏழெட்டு இடத்தில் பென்சில் வைத்தார். ஆறாம் மாதம் ஒன்றிரண்டு. ஒரு சனிக்கிழமை எதுவும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டு டீ சொன்னார். பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

2021-ல் வேறொரு கம்பெனிக்கு மாறினேன். அந்தப் பெரிய கம்பெனி இல்லை. ஐம்பது பேர் வேலை செய்கிற இடம். இன்டர்வியூவில் 34 பக்கம் எடுத்துப் போகவில்லை. அந்தப் பிராக்கெட்டின் பழைய டிராயிங், புது டிராயிங், இரண்டாக அறுத்த சொத்தை வார்ப்பு ஒன்று, இவ்வளவுதான் பையில் இருந்தது. "இது நான் செஞ்ச தப்பு சார்" என்று ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

இந்தக் கதை இங்கே முடிந்தால் எனக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

இப்போது நான் மேஜையின் அந்தப் பக்கம் உட்காருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தான். வேறு ஊர்க் கல்லூரி. பயிற்சி வேலை கொடுத்திருந்தோம், செய்து அனுப்பியிருந்தான். அன்று காலை ஒரு டெஸ்ட் பெயிலாகி நான் ஷாப்பில் இருந்தேன். பதினொரு மணிக்கு வரச் சொன்னவனை ஒன்றரைக்குக் கூப்பிட்டேன். அவன் ஃபைலை அவன் எதிரிலேயே திறந்தேன். எடுக்கவில்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் அவனிடமிருந்து மெயில் வந்தது, இரண்டே வரி. ஏறக்குறைய நான் 2017-ல் போட்ட அதே மெயில். அதைப் படித்தபோதுதான் நான் யாராகிவிட்டேன் என்று தெரிந்தது. உடனே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். எந்த இடத்தில் குறை, ஏன் எடுக்கவில்லை என்று விவரமாகச் சொன்னேன். அவன், "பரவாயில்லீங்க சார், சொன்னதுக்கு நன்றி" என்றான். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோளை இரண்டு பக்கமும் வைக்கிறேன்.

இன்டர்வியூ எடுக்கும் நிலையில் இருக்கிற நம் பழைய மாணவர்களுக்கு: ஒருவனிடம் பத்து நாள் உழைப்பைக் கேட்டால், முதல் நாளே அரை மணி நேரம் ஒதுக்கி அதைப் படித்துவிடுங்கள். காக்க வைக்க நேர்ந்தால் ஒரு வார்த்தை சொல்லி, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். அந்தப் பையனின் வீட்டில் யாரோ வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: உங்களில் பலருக்கு இப்படி இன்டர்வியூ நடக்கும். காக்க வைப்பார்கள், படிக்க மாட்டார்கள், பதில் போட மாட்டார்கள். கோபப்படுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அன்று இரவே ஒரு தாளில், உங்களிடம் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதிவையுங்கள். அவர்கள் நடந்துகொண்ட விதத்தை அந்தத் தாளில் எழுத வேண்டாம். அது தானாகவே ஞாபகம் இருக்கும். பதில் தெரியாமல் போன கேள்விதான் மறந்துவிடும். நாமேதான் அதை மறக்கடிப்போம்.

பரீட்சைக்கு டேட்டா புக் கொண்டுபோக நமக்கு அனுமதி உண்டு. அதில் எண் கிடைக்கும். அந்த எண் ஏன் என்பதற்கு, அந்தப் பொருளைக் கையால் செய்கிறவரிடம் போக வேண்டும். வெல்டரிடம் போங்கள், லேத் ஆபரேட்டரிடம் போங்கள், சர்வீஸ் மெக்கானிக்கிடம் போங்கள். "இதை நீங்க செய்யும்போது எங்க கஷ்டப்படறீங்க?" என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் மரியாதைக்காகச் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள். நமக்குக் கடைசி வரை தெரியாது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர்கள் தங்கள் பிராஜெக்ட் டிராயிங்கோடு ஒரு சனிக்கிழமை பவுண்டரிக்கு வரட்டும். இருபது இருபது பேராக வந்தால் போதும். பஸ் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது வரிசை நண்பர்களிடம் இன்னும் கேட்கவில்லை. ஆனால் 2017-ல் என் கதையை நம்பியவர்கள், இதற்கும் மறுக்க மாட்டார்கள்.

மேஸ்திரியிடம் கேட்டுவிட்டேன். இப்போது வேலைக்குப் போவதில்லை. "பசங்க வந்தா நானும் வந்துடறனுங்க தம்பி, நோட்டையும் எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றார்.

கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதில் என் டிராயிங் நம்பர்கள்தான் அதிகம். பரவாயில்லை, மாணவர்கள் பார்க்கட்டும்.



— இயந்திரவியல் துறை, 2008–2012 அணி